முதல் ஆண்டில் அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், லண்டன், ரொறொன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி நகரங்களிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களின், ஊர் ஒன்றியங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் கிழமையில் யாழ்ப்பாணத்து வீதிகள் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். பாடசாலை மதில்களிலும் சந்திகளிலும் பதாகைகள் ஏறும். மூன்று 'ஏ' எடுத்த பிள்ளைகளின் முகங்கள், மாவட்ட நிலை, மருத்துவம், பொறியியல். அந்தப் பிள்ளைகள் இரவு பகலாக உழைத்தவர்கள். அவர்களைக் கொண்டாடுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே பெறுபேற்றில் பதாகை இல்லாமல் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தின் தீவுப் பகுதியான தீவகத்தில் உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் போகிறவர்களில் பெரும்பாலானோர், தங்கள் வீட்டிலிருந்து அந்த வாசலைத் தாண்டும் முதல் ஆள். தகப்பன் கடலுக்குப் போகிறவர், அல்லது மேசன் வேலைக்குப் போகிறவர், அல்லது உயிரோடு இல்லாதவர். வன்னியில் படிப்பிக்கும் நண்பர்கள் சொல்வதும் இதேதான். 2009 இல் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது உயர்தரம் எழுதி முடித்திருக்கிறார்கள். அவர்களில் பலரைத் தாய் தனியாகவே வளர்த்தார். அந்தத் தாய்மாரின் பெயரில் நுண்கடன் இருக்கிறது, சீட்டுக்காசு பாக்கி இருக்கிறது. இப்படி ஒரு வீட்டிலிருந்துதான் நானும் பல்கலைக்கழகம் போனேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கல்விக்கென்று நீங்கள் திரட்டும் பணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டுக்குத் திருப்பிவிடுங்கள். அந்தப் பங்கில் முதல் உரிமை, வீட்டில் பட்டதாரி எவரும் இல்லாத, கையிலும் காசு இல்லாத பிள்ளைக்கு இருக்கட்டும்.

"இலவசக் கல்விதானே, மகாபொல உதவித்தொகையும் கொடுக்கிறார்களே" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். 1945 இல் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் நானும் இல்லை, என் மாணவர்களும் இல்லை. ஆனால் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பதற்காக அறை வாடகை இல்லாமல் போய்விடாது. நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குப் படிக்க வருவதென்றால், படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, மறுபடியும் இன்னொரு பஸ் ஏற வேண்டும். காற்று எழுந்தால் படகு இல்லை. தினமும் போய்வர முடியாது. விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ அறை தேட வேண்டும். முற்பணம் கேட்பார்கள். மெத்தை, வாளி, சமைக்கப் பாத்திரம், போட்டுக்கொள்ள நாலு உடுப்பு, ஒரு மடிக்கணினி. இவ்வளவும் முதல் மாதத்திலேயே வேண்டும்.

மகாபொல எப்போது வருகிறது? விண்ணப்பம் போய், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகத்தின் கையொப்பமும் சேர்ந்து, தெரிவாகி, வங்கிக் கணக்கில் முதல் தவணை விழும்போது பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் போய் மாதங்கள் ஆகியிருக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மற்ற மாணவர் உதவுதொகையை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்துவதாக அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு இருவேளை கடைச்சாப்பாடு வாங்கி, அறை வாடகையில் பங்கும் கட்டுகிற எவரையாவது கேட்டுப் பாருங்கள், அந்தத் தொகை மாதத்தின் எத்தனையாவது நாளில் தீர்ந்துபோகும் என்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதே குறைவு. உயர்தரம் எழுதி முடித்ததிலிருந்து பல்கலைக்கழக அனுமதி வரும்வரை நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் வசதியான வீட்டுப் பிள்ளை ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் போகிறது. என் மாணவர்கள் ஹாட்வெயார் கடைக்கும், படகுக்கும், ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். ஒரு வருடத்துக்குள் வீடு அந்தச் சம்பளத்தில் சாய்ந்துவிடுகிறது. தம்பியின் ரியூசன் காசும், அம்மம்மாவின் மருந்தும், கடன் தவணையும் அதிலிருந்துதான் போகின்றன. பல்கலைக்கழகக் கடிதம் வரும் நாளில் அந்த வீட்டுக்கு ஒரு செலவு கூடுகிறது, ஒரு வருமானமும் நின்றுபோகிறது. கடைக்காரர் நல்லவராக இருந்து சம்பளத்தையும் கூட்டித் தந்தால், அந்தப் பையன் எதைத் தெரிவு செய்வான்? பதிவுக்கே போகாதவர்களையும், பதிந்துவிட்டு முதல் பருவத்திலேயே திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன்கூடப் படிக்க இயலாதவன் அல்ல.

பணத்துக்கு அடுத்தது தகவல். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வைத்துக்கொண்டு பாடநெறிகளைத் தெரிவு ஒழுங்கில் எழுதும் நாளிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. ஆசிரியரோ பொறியியலாளரோ இருக்கும் வீட்டில் போன வருட வெட்டுப்புள்ளியை மேசையில் பரப்பி வைத்து, எதை முன்னே போடுவது எதைப் பின்னே போடுவது என்று பெரியவர்கள் ஆராய்கிறார்கள். என் மாணவர்கள் தொடர்பாடல் நிலையத்தில் விண்ணப்பம் நிரப்பும் தம்பியிடம் "நீங்களே பார்த்துப் போடுங்கள்" என்கிறார்கள். நாலு வருட வாழ்க்கை அந்தக் கதிரையில் தீர்மானமாகிறது.

உள்ளே போனபின் யாரும் சொல்லித்தராத விதிகள் ஏராளம். கலைப் பட்டநெறிகளில் முதல் ஆண்டில் எடுக்கும் புள்ளிகளை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவதா இல்லையா என்பது பொதுவாக முடிவாகிறது. ஒரு பாடத்தில் தவறி மீள்பரீட்சை எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் 'சி'க்கு மேல் கிடைக்காது. வருகை 80 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள் விடாமல் இருக்கலாம். காய்ச்சலில் கிடந்து பரீட்சையைத் தவறவிட்டால், மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் உரிய இடத்தில் கொடுத்தாக வேண்டும். அண்ணன் பட்டதாரியாக இருக்கும் வீட்டில் இவை சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. மற்ற வீட்டில், முதல் பருவத்து வறுமையில் பகுதிநேர வேலைக்குப் போய், வகுப்பைத் தவறவிட்டு, பெறுபேறு வந்த பிறகு தெரியவருகிறவை. அப்போது தெரிந்து என்ன பயன்?

ஆங்கிலம் பற்றி நான் விரித்து எழுதத் தேவையில்லை. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு, விஞ்ஞானத்துக்கோ முகாமைத்துவத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்துக்கோ போகும் பிள்ளை முதல் விரிவுரையில் என்ன உணரும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பகிடிவதையைத் தடுக்க 1998 இல் சட்டம் வந்தும், பகிடிவதை பற்றிய பயம் இன்னும் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். வீட்டுக்குச் சொன்னால் "படித்தது போதும், வா" என்பார்கள் என்று பயந்து எல்லாவற்றையும் மறைக்கும் பெண் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் மண்ணின் வரலாற்றிலிருந்து ஒன்றை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளும் யாழ்ப்பாணத்தவர் என்பதை எல்லா மேடைகளிலும் பெருமையோடு சொல்கிறோம். கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் 1823 இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். அது உறைவிடப் பாடசாலை. மிசனரிமாரின் மதநோக்கம் பற்றி எனக்கும் விமர்சனம் உண்டு. ஆனாலும் படிக்கிற பிள்ளைக்குப் படுக்க இடமும் உண்ணச் சோறும் வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அப்படித்தான் உருவானார்கள். பின்னர் 1921 இல் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் அங்கேதான் தொடங்கியது. ஒருவரின் கொடையில் எழுந்த இடத்தில்தான் இன்றைய பல்கலைக்கழகம் நிற்கிறது.

அதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே குடாநாட்டில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கலாம் என்பதற்கே போராட வேண்டியிருந்தது. சம ஆசனம் கொடுத்ததற்காகப் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அன்று வாங்கு மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுள் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஏன் பட்டதாரி இல்லை என்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல.

உங்கள் சங்கங்களின் அமைப்பே இந்த ஏற்றத்தாழ்வைத் தொடர்கிறது என்பதை மரியாதையோடு, ஆனால் உறுதியாகச் சொல்கிறேன். நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு ஐந்தாறு நாடுகளில் கிளைச் சங்கங்கள் இருக்கின்றன. நீச்சல் தடாகம், மின்னொளி மைதானம், நூற்றாண்டு வளைவு எல்லாம் எழுகின்றன. கரையோரத்திலும் தீவகத்திலும் வன்னியிலும் உள்ள சிறிய பாடசாலையின் பழைய மாணவர்கள் யார்? அதே கடலில் வலை வீசுகிறவர்கள். அவர்களிடம் சங்கம் இருந்தாலும் நிதி இல்லை. ஒவ்வொருவரும் தன் பாடசாலைக்கு மட்டுமே கொடுப்பது என்று வைத்துக்கொண்டால், இருக்கிற இடத்துக்கே மேலும் சேரும். உங்கள் பாடசாலையை நேசியுங்கள். அதன் மதிலுக்கு வெளியே ஒரு பங்கு போகட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனி, உதவி கொடுக்கும் விதம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடை போடுகிறீர்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை. ஒலிவாங்கியில் பிள்ளையின் பெயர் வாசிக்கப்படுகிறது. கூடவே, தந்தையை இழந்தவர், தாய் கூலி வேலை செய்பவர், தகரக் கொட்டிலில் வசிப்பவர் என்பதும் வாசிக்கப்படுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை தலையைக் குனிந்தபடி காசோலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அன்றிரவே அந்தப் படம் முகநூலில் வருகிறது. சில மாதம் கழித்து, பல்கலைக்கழகத்தில் அவளோடு படிக்கிற யாரோ ஒருவரின் கைபேசியில் அதே படம் திறக்கிறது. நன்றாகப் படிக்கக்கூடிய மாணவி ஒருத்தி உதவித்தொகைப் படிவத்தை நிரப்பாமலே என்னிடம் திருப்பித் தந்தாள். "மேடையில் ஏறச் சொல்லுவார்கள், ரீச்சர்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவளை வற்புறுத்தவில்லை. பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். காட்டுங்கள். வங்கிச் சீட்டு இருக்கிறது, கணக்காய்வாளர் இருக்கிறார். பிள்ளையின் முகம் அந்தக் கணக்கில் சேராது.

வெளிநாட்டுக் கிளைகளில் இருப்பவர்களுக்கு உங்கள் அருகில் உள்ளவற்றையே காட்டுகிறேன். நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007 இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்த மாணவர்களுக்குப் பாடப்புத்தகம், மாதாந்தப் பயண அட்டை, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்த ஓர் ஆலோசகர், இவ்வளவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் 100 பேருக்கு 40 பேர் மூன்று வருடத்தில் படிப்பை முடித்தார்கள்; மற்றக் குழுவில் 22 பேர்தான். பஸ் காசையும் கதைக்க ஒரு மனிதரையும் சேர்த்தே கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல், சிறிய நிலுவைத் தொகைக்காகப் பதிவு நீக்கப்பட இருந்த மாணவர்களின் பட்டியலைத் தானே எடுத்துப் பார்த்து, அந்தத் தொகையைக் கொடுத்து அவர்களை வகுப்பில் வைத்துக்கொண்டது. மாணவர் வந்து மன்றாடும்வரை காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2010 முதல், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர் ஒற்றைச்சாளர முறையில் தொழிற்கல்விக்குச் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அதற்கென்றே ஒரு சான்றிதழும் உண்டு. எங்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் "உங்கள் வீட்டில் பட்டதாரி இருக்கிறாரா?" என்ற ஒரு கேள்வியை உங்கள் உதவித்தொகைப் படிவத்தில் சேர்ப்பதற்குச் செலவே இல்லை. நான் கண்ட எந்தப் படிவத்திலும் அது இருந்ததில்லை. எத்தனை 'ஏ' என்றுதான் கேட்டிருந்தது.

என் யோசனையை உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு வைக்கிறேன். பதிவு செய்யும் கிழமையிலேயே முதல் மாதப் பணம் பிள்ளையின் கணக்கில் இருக்க வேண்டும். மகாபொல வரும்வரை முழுத் தொகை, வந்த பிறகு பாதி, முதல் ஆண்டு முடியும்வரை. வீட்டு வருமானம் நின்றுபோகிறது என்று தெரிந்தால், அந்த வீட்டுக்கும் சில மாதம் ஒரு சிறு தொகை. மருத்துவபீடம் கிடைத்தாலும் கலைப்பீடம் கிடைத்தாலும் ஒன்றே. பேராதனைக்கோ, மாத்தறையில் இருக்கும் ருகுணுவுக்கோ, ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போகிற பிள்ளைக்குப் பயணச் செலவும் தனிமையும் அதிகம், அவர்களையும் விடாதீர்கள். இதற்கு வெளியே ஓர் அவசர நிதி வேண்டும். கைபேசி உடைந்தது, அறையை விட்டு எழும்பச் சொன்னார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் என்று தகவல் வந்தால் இரண்டு நாளுக்குள் முடிவு சொல்லும் நிதி. கைபேசிக்குப் பணம் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயப்படும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பாடக்குறிப்பும் நேர அட்டவணையும் பெறுபேறும் இப்போது அதில்தான் வருகின்றன.

ஆள் பலமும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் உதவியில் முன்னே போன மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு அல்லது மூன்று புதியவர்களை ஒப்படையுங்கள். விண்ணப்பம் நிரப்பும் நாளிலிருந்தே தொடர்பில் இருக்கட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்கும் ஊதியம் கொடுங்கள். அவர்களும் வசதியானவர்கள் அல்லர். அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் மாலையில் ஓர் ஆங்கில வகுப்பு, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில். இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர்கள் உங்கள் எல்லாச் சங்கங்களிலும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் அரசின் கடமை, பல்கலைக்கழகத்தின் கடமை என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்வார். அவர் சொல்வது சரி. உதவுதொகையை நேரத்துக்குக் கொடுக்கவும் விடுதியைப் பெருக்கவும் நாங்கள் அவர்களிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்போம். நீங்களும் எங்களோடு சேர்ந்து கேளுங்கள். ஆனால் அடுத்த அணிக்கு அனுமதிக் கடிதம் வரும்போது, அரசு திருந்தும்வரை பொறு என்று அந்தப் பையனிடம் என்னால் சொல்ல முடியாது.

ஆண்டறிக்கையில் இதுவரை எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார்கள் என்று அச்சிட்டீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியைச் சேருங்கள்: போன வருடம் போனவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வந்தார்கள் என்று. அந்த எண்ணைத் தேடத் தொடங்கினாலே யாரைத் தவறவிட்டோம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பெயர்களைத் திரட்டுவது கடினம் என்றால் அதிபர்களிடமும் உயர்தர வகுப்பாசிரியர்களிடமும் கேளுங்கள். எந்தப் பிள்ளையின் வீட்டில் யார் இல்லை, எந்தப் பிள்ளை எந்தக் கடையில் வேலைக்கு நிற்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தீவகத்துப் பட்டியலை நான் தயாரித்துத் தருகிறேன். மேடைக்கும் முகநூலுக்கும் அந்தப் பட்டியல் போகாது என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

இப்படிக்கு,
தீவகப் பாடசாலையொன்றின் உயர்தர வகுப்பு ஆசிரியை,
யாழ்ப்பாணம்